கையால் எடுத்த முடி

கம்பிக்கு அந்தப் பெயர் வர இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, அதன் முடி. முழங்கால் உயரம்கூட இல்லாத சின்ன நாய்தான். ஆனால் உடம்பு முழுக்கப் பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி விறைப்பான பழுப்பு முடி. போதாததற்கு மீசை, தாடி, கோபக்காரத் தாத்தாவுக்கு இருப்பதைப் போன்ற புருவம். இரண்டாவது காரணத்தை அதை வளர்ப்பவர் சொல்வார்: "குளிக்கலாம் வான்னு சொன்னா போதும், ஆள் கம்பி நீட்டிடுவான்."

வளர்ப்பவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஐம்பதை நெருங்கும் வயது, தனி ஆள், கணீரென்ற குரல். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர் டிரைவரம்மா. நாய்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருந்தவள் அவரை டிரைவர் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள் அவள். நடந்தது அவளுக்குத்தான்.

அவள் கடையில் இரண்டு மேசைகள், ஒரு குளியல் தொட்டி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. வாசலில் ஒரு பலகை. விளம்பரப் பலகைகள் செய்யும் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவன் தன் கையால் எழுத்துகளை வெட்டி ஒட்டியது. 'இங்கே கையால் முடி எடுக்கப்படும்' என்று அதில் இருக்கும். 'கையால்' என்பது மட்டும் சிவப்பில். அந்த வட்டாரத்தில் வேறு யாரும் செய்யாத வேலை அது. அதற்காகவே பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு.

கம்பி போன்ற நாய்களின் முடிக்குக் கத்தரியும் ஆகாது, மெஷினும் ஆகாது. ஒவ்வொரு முடியும் சில மாதங்கள் வளர்ந்து, அப்புறம் நின்ற இடத்திலேயே செத்துப்போகும். விழாது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நான்கைந்து முடிகளைப் பிடித்து, வளர்ந்த வாக்கிலேயே வெடுக்கென்று இழுக்க வேண்டும். பழுத்த பழம் காம்பைவிட்டுக் கழல்வது மாதிரி வந்துவிடும். நாய்க்கு வலிக்காது. பாதி நேரம் தூங்கிவிடும். அந்த இடத்தில் புது முடி விறைப்பாக, நல்ல நிறத்தோடு முளைக்கும். மெஷின் போட்டால் செத்த முடியின் அடி உள்ளேயே நின்றுவிடும். பிறகு வளர்வதெல்லாம் வெளிறிப்போய், பஞ்சு மாதிரி இருக்கும்.

முழு உடம்பையும் கையால் எடுக்க மூன்று மணி நேரம் ஆகும். விரலுக்கு ரப்பர் உறை, வழுக்காமலிருக்கக் கொஞ்சம் சுண்ணப் பொடி, அவ்வளவுதான் கருவிகள். மூன்று மணி நேரமும் விரல் தோலில் பட்டுக்கொண்டே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். கம்பியின் காதுக்குப் பின்னால் புதைந்திருந்த முள்ளை ஒருமுறை அவள் விரல்தான் கண்டுபிடித்தது. இன்னொருமுறை தொடையில் கிளம்பிய கொப்புளத்தை. அதிலிருந்து டிரைவர் அக்கா அவளுக்குக் கைராசி என்று பெயர் வைத்துவிட்டார். ஷட்டருக்கு வெளியிலிருந்தே குரல் கேட்கும்: "கைராசி! உன் மாப்பிள்ளை வந்திருக்காரு, மாலை போட்டு உள்ள கூட்டிட்டுப் போ!"

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அப்படித்தான் கம்பி வந்தது. காலைச் சவாரி முடிந்து, நீலச் சீருடையோடு அக்கா அதைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"ரெண்டு மணிக்கு வந்து எடுத்துக்கறேன். மூணு மணிக்கு எனக்குப் பள்ளிக்கூடம் விட்டுடும். லேட்டாக்கிடாதே."

"வாங்கக்கா" என்றாள் அவள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அவளுடன் பள்ளியில் படித்தவர்கள் இருபது வருடம் கழித்து ஓரிடத்தில் கூடுவதாக இருந்தது. அதற்காக இரண்டு மணிக்குப் பார்லரில் முடியை நேராக்கிக்கொள்ள நேரம் வாங்கியிருந்தாள். அதே நாளில் கம்பியும் வருகிறது என்பதை முந்தின நாள் மாலைதான் கவனித்தாள். போன் பண்ணி, "அக்கா, நாளைக்கு முடியாது, திங்கக்கிழமை வாங்க" என்று சொன்னால் முடிந்தது. அக்காவும் "அதுக்கென்ன" என்று சொல்லியிருப்பார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பின்னால் அவளை அதிகம் குத்தியது அதுதான். பண்ணுகிறேன், பண்ணுகிறேன் என்று இருந்து பண்ணாமலே விட்டுவிட்டாள்.

பதினொன்றரை வரை கையால்தான் எடுத்தாள். கழுத்தும் தோள்பட்டையும் முடிந்தன. கம்பி தலையை அவள் முழங்கைமேல் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த வேகத்தில் போனால் இரண்டரை ஆகிவிடும். குளித்து, உடை மாற்றி, பார்லருக்குப் போய்ச் சேர மூன்று. பார்லரில் அவள் நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

கட்டைவிரல் வலித்தது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வலிக்கத்தான் செய்தது. ஆனால் அது அன்றைக்குப் புதிதாக வந்த வலி இல்லை.

எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து மெஷினை எடுத்தாள். அது பக்கத்து மேசையில் வரும் சடை நாய்களுக்கானது. சுவிட்சைப் போட்டதும் கம்பி திடுக்கிட்டு எழுந்து நின்று அவளைத் திரும்பிப் பார்த்தது. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே முதுகில் வைத்தாள். ரர்ரென்று ஒரு கோடு விழுந்தது. அதற்குமேல் நிறுத்தினாலும் பயனில்லை.

இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. இடது முன்னங்கால் விலாவோடு சேரும் இடத்தில் போகும்போது மட்டும் மெஷின் சின்ன மேடு ஒன்றில் ஏறி இறங்கியது. முடியில் விழுந்த சிக்காக இருக்கும் என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைத்துக்கொண்டாளா என்பது வேறு விஷயம். கையை நிறுத்தவில்லை.

கையால் எடுத்த முடியை டிரைவர் அக்கா ஒவ்வொரு முறையும் கவரில் வாங்கிப் போவார். பால்கனியில் ஒரு சின்னக் கூடையில் வைத்தால் குருவிகள் கூடு கட்ட எடுத்துப் போகுமாம். மெஷின் வெட்டிய முடி துண்டு துண்டாகக் கிடந்தது. அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குப்பை வாளியில் முந்தின நாள் இன்னொரு நாயிடமிருந்து எடுத்த முடி இருந்தது. அதை அள்ளி ஒரு கவரில் போட்டாள். அதைச் செய்யும்போது அவளுக்கு உடம்பே கூசியது. ஆனாலும் போட்டாள்.

சந்தேகம் வராமலிருக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுத்து, ஒன்றே காலுக்கு போன் பண்ணி வரச் சொன்னதும் அக்கா ஆச்சரியத்தோடு வந்தார்.

"என்ன கைராசி, அதுக்குள்ளயா?"

"பழகிடுச்சுல்லக்கா. கை தானா ஓடுது."

"ஆளு ஹீரோ மாதிரி இருக்கான்!" அக்கா கம்பியைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சினார். அப்புறம் கவரைத் திறந்து பார்த்தார். "இது கொஞ்சம் கறுப்பா இருக்கே?"

"அது அடி முடிக்கா."

அக்கா தலையாட்டிவிட்டுக் கவரைப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாலைக் கூட்டத்தில் அவள் தலைமுடி வழுவழுவென்று விழுந்தது. பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஒருத்தி வங்கி மேலாளர், ஒருத்தி வக்கீல், ஒருவன் கப்பலில் பொறியாளர். அவள் முறை வந்தபோது, "நாய்களுக்கு முடி திருத்தற கடை வெச்சிருக்கேன்" என்றாள். கப்பல்காரன், "நாய்க்குச் சவரமா?" என்று கேட்க, மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள், முகம் சூடாக. அந்தச் சூட்டில் வார்த்தைகள் தானாக வந்தன.

"சவரம் இல்ல. மெஷினைத் தொடவே மாட்டேன். ஒவ்வொரு முடியா கையால எடுப்பேன், மூணு மணி நேரம். உடம்புல கடுகளவு கட்டி இருந்தாலும் என் விரலுக்குத் தெரிஞ்சிடும்."

"அடேங்கப்பா!" என்றாள் வக்கீல். யாரோ கை தட்டினார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அந்தக் கைதட்டல் செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது.

இரண்டு மாதம் கழித்து அக்கா கம்பியோடு கடை வாசலில் நின்றார். பஸ்ஸை எதிரில் நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தார்.

"கைராசி, இவனைத் தொட்டுப் பாரேன். முடி பஞ்சு மிட்டாய் மாதிரி ஆகுது. நிறமும் போயிடுச்சு. ஏதாவது நோயா இருக்குமா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் வாயைத் திறந்தாள்கூட.

"வயசாகுதுல்லக்கா, ஒன்பது முடிஞ்சிடுச்சு. சாப்பாட்டுல எண்ணெய்ச் சத்து கம்மியா இருந்தாலும் இப்படி ஆகும். மீன் வேகவெச்சுக் கொடுத்துப் பாருங்க."

"இப்ப ஒருதடவை எடுத்துவிட்டா சரியாகுமா?"

முடி இன்னும் கையில் பிடிபடும் நீளத்துக்கு வளரவில்லை. மேசையில் ஏற்றினால் விஷயம் வெளியே வந்துவிடும். "வேண்டாம்கா, முடி பலவீனமா இருக்கு. இன்னும் ரெண்டு மூணு மாசம் வளரட்டும்" என்றாள்.

அக்கா தினமும் மீன் வேகவைத்தார். மீன் வாசனையே ஆகாதவர். மூக்கில் துணி கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பதாகப் போனில் சொல்லிச் சிரித்தார். "பஸ்ல பிள்ளைங்க எல்லாம், டிரைவரம்மா கடலுக்குப் போயிட்டு வந்தீங்களான்னு கேக்குதுங்க. பரவாயில்ல, இவனுக்கு முடி வந்தா சரி." அவள் இந்தப் பக்கம் சிரிப்பது மாதிரி சத்தம் எழுப்பினாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் அக்காவின் எண் திரையில் வந்தால், நான்கைந்து முறை அடிக்கவிட்டே எடுப்பாள். சில நாள் எடுக்க மாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குச் சரியாக ஐந்து மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம் போன் வந்தது. எடுத்தாள். அக்காவின் குரல் அடையாளம் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது.

"நான் கிளினிக்ல இருந்து பேசறேன். கம்பிக்குக் கட்டி. இடது முன்னங்கால் பக்கத்துல, நெல்லிக்காய் அளவுக்கு."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மாசம் முன்னாடியே கையில தட்டுப்பட்டுச்சு. கொழுப்பா இருக்கும்னு விட்டுட்டேன். நீ உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்திருக்கே, ஏதாவது இருந்தா சொல்லியிருக்க மாட்டியான்னு நினைச்சேன். ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தாங்க, சரியா ஒண்ணும் தெரியலையாம். டாக்டர் இப்ப ஒரு விஷயம் கேக்கறார், அதான் உனக்கு போன் பண்ணினேன். அன்னைக்கு நீ முடி எடுத்தப்போ அந்த இடத்துல ஒண்ணும் இல்லைதானே?"

கடையில் வேறு யாரும் இல்லை. தொட்டியில் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்லக்கா" என்றாள். "ஒண்ணும் இல்ல."

"அப்போ அஞ்சு மாசத்துல இவ்வளவு வளர்ந்திருக்கு." அக்கா அதைப் பக்கத்திலிருந்த யாரிடமோ திருப்பிச் சொன்னார். பிறகு மறுபடி போனில்: "அவ்வளவு வேகமா வளர்றதுன்னா மோசமான வகையா இருக்கலாமாம். கட்டியை மட்டும் எடுத்தா போதாது, காலோட எடுத்துடறதுதான் பாதுகாப்புன்னு சொல்றார். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு. சரி, வெச்சுடறேன் கைராசி. நீ வேலையைப் பாரு."

போன் அணைந்த பிறகும் காதிலேயே வைத்திருந்தாள். மெஷின் அந்த மேட்டில் ஏறி இறங்கியது உள்ளங்கையில் இப்போதுதான் நடந்தது மாதிரி இருந்தது. சிக்கு இல்லை. சிக்கு என்றால் மெஷின் கடித்து நின்றிருக்கும். அது உருண்டையாக இருந்தது, மொச்சை அளவுக்கு. அன்றைக்கே அவள் கைக்கு அது தெரிந்திருந்தது.

மாலையில் கணவன் வந்தபோது அவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை, மெஷின், கவர், மீன், போன். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. விரல் நுனியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் துணுக்கை உரித்துக்கொண்டே கேட்டான்.

கடைசியில், "அன்னைக்கு என்ன அவசரம் உனக்கு?" என்றான்.

"முடி செட் பண்ணப் போகணும்னு."

அவன் உரித்த துணுக்கை உருட்டிக் குப்பை வாளியில் போட்டான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"இப்ப சொன்னா என்ன நினைப்பாங்க? ஊரெல்லாம் தெரிஞ்சுடும். கடைக்கு யார் வருவா?" என்றாள். சொன்ன பிறகுதான், ஒரு நாயின் கால் போகப் போகிற நேரத்தில் தான் எதைப் பற்றிக் கவலைப்படுகிறோம் என்பது அவள் காதிலேயே விழுந்தது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"போன்ல சொல்லாதே" என்றான் அவன். "நேர்ல போ. நான் வேணா கூட வரேன்."

"வேண்டாம். நானே போறேன்."

மறுநாள் ஒன்பது மணிக்கே கிளினிக்குக்குப் போய்விட்டாள். போகும் வழியில் எப்படி ஆரம்பிப்பது என்று பத்து விதமாக யோசித்து வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் கட்டைவிரல் வலி முதலில் வந்தது. காத்திருக்கும் அறையில், சுவரோரப் பெஞ்சில் டிரைவர் அக்கா உட்கார்ந்திருந்தார். சீருடை இல்லை, லீவு போட்டிருந்தார். மடியில் கம்பி. அவளைக் கண்டதும் கம்பி வாலை ஆட்டிக்கொண்டு இறங்கி வந்து அவள் காலில் முன்னங்கால்களை வைத்து நின்றது. இரண்டு முன்னங்கால்களையும்.

"எதுக்கு நீ கடையை விட்டுட்டு வந்தே?" என்று எழுந்தார் அக்கா. கண் கலங்கியிருந்தது. "வந்தியே, நல்லதாப் போச்சு. எனக்குத் தனியா பயமா இருந்துச்சு."

அதற்கு மேல் அந்த அன்பைத் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான் அன்னைக்குக் கையால எடுக்கலை."

"என்ன?"

"கழுத்து வரைக்கும்தான் கையால எடுத்தேன். மீதியெல்லாம் மெஷின். விரல் ரொம்ப வலிச்சதுன்னு..."

"விரல் வலியா?" அக்காவுக்கு இன்னும் புரியவில்லை. "அதைச் சொல்லியிருந்தா..."

"இல்லக்கா." அவள் தரையைப் பார்த்தாள். "விரல் வலி இல்ல. பார்லருக்குப் போகணும். நேரமாயிடுச்சு. அதான்."

அக்கா அவள் தலைமுடியைப் பார்த்தார். அது இப்போது பழையபடி சுருண்டுவிட்டிருந்தது. ஆனாலும் அக்கா அதைப் பார்த்தபோது அவள் கை தன்னையறியாமல் மேலே போய் முடியை மறைத்தது.

"அந்தக் கட்டி அன்னைக்கே இருந்துச்சுக்கா. மெஷின்ல தட்டுப்பட்டுச்சு. நான் நிறுத்திப் பார்க்கலை. நேத்து நீங்க கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

அக்கா மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரில் பூனைக் கூடையோடு இருந்த ஒரு பெரியவர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணும் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். அக்கா சத்தம் போடுவார் என்று அவள் காத்திருந்தாள். பஸ்ஸின் கடைசி சீட்டில் நடக்கும் சண்டையை முன்னால் இருந்தபடியே அடக்குகிற குரல் அது. வரவில்லை.

"உள்ள வாங்க" என்றார் அக்கா. "டாக்டர்கிட்ட சொல்லுங்க."

வாங்க. சொல்லுங்க. நான்கு வருடமாக 'நீ' என்று கூப்பிட்டவர். அந்த மரியாதை கன்னத்தில் அறை மாதிரி விழுந்தது.

டாக்டர் இளைஞர். நிதானமானவர். அவரிடமும், பக்கத்தில் நின்ற உதவியாளரிடமும் அவள் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். இரண்டாவது முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், இல்லை. டாக்டர் அவள் யோக்கியதையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அளவுதான் வேண்டியிருந்தது.

"எவ்வளவு பெருசு? பட்டாணி அளவா?"

"அதைவிடப் பெருசு. மொச்சை அளவு."

"நிச்சயமா?"

அவள் கட்டைவிரல் நுனியில் காட்டினாள். "இவ்வளவு. உருண்டையா இருந்துச்சு. கொஞ்சம் நகர்ந்துச்சு."

"நகர்ந்துச்சா? அது முக்கியம். அதுக்கு முன்னாடி கையால எடுத்தப்போ?"

"அப்போ இல்ல. அது நிச்சயம். அது போன வருஷம், பத்து மாசம் இருக்கும்."

அவர் எழுதிக்கொண்டார். கம்பியின் கால் ஓரத்தில் கட்டியை விரல்களால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். உதவியாளரிடம் ஏதோ சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்து, "அப்படின்னா இது நிதானமா வளர்ற கட்டி. இப்ப கட்டியை மட்டும் எடுப்போம். பரிசோதனைக்கு அனுப்பிட்டு, ரிசல்ட் பார்த்து முடிவு பண்ணலாம். இன்னைக்குக் கால்ல கை வைக்க வேண்டாம்" என்றார்.

அக்கா கம்பியின் நெற்றியைத் தடவிவிட்டார். கம்பியை உள்ளே தூக்கிப் போனார்கள். கதவு சாத்திய பிறகு இருவரும் அந்த அறையின் நடுவில் நின்றார்கள். அவள் ஏதாவது பேச வேண்டும் என்று தவித்தாள். மன்னிச்சுடுங்க என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அக்கா பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றுவது சரியாகப் படவில்லை.

அக்காவே பேசினார். "அன்னைக்குக் கொடுத்த கவர்ல இருந்த முடி?"

"வேற நாயோடது."

"யாரோடது?"

"முந்தின நாள் வந்த நாயோடது. குப்பை வாளியில இருந்துச்சு."

அக்கா சிரித்தார். சிரிப்பு என்று சொல்ல முடியாது, மூச்சுதான் அப்படி வந்தது. "அதைத் தினமும் பார்த்துப் பார்த்து, கம்பி முடியில குருவி கூடு கட்டுதுன்னு பஸ்ல பிள்ளைங்ககிட்ட கதை சொன்னேன்." பிறகு உட்காரச் சொல்லாமல், வாசலைப் பார்த்தபடி, "நீங்க கிளம்புங்க. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அவள் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறாமல் கடை வரைக்கும் நடந்தே போனாள். கடையைத் திறக்கவில்லை.

எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. கிளினிக்குக்கு போன் பண்ணினால், "நாயை வளர்க்கறவங்களைக் கேளுங்க" என்றார்கள். ஒன்பதாம் நாள் அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'ரிப்போர்ட் வந்தது. கெட்ட கட்டி இல்லை. காலுக்கு ஒன்றும் இல்லை.' அவ்வளவுதான். கடை நடுவில் நின்று அதைப் பலமுறை படித்தாள். நிம்மதியில் அழுகை வந்தது. அந்த நிம்மதியில் தனக்கானது எவ்வளவு, கம்பிக்கானது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கப் பயமாக இருந்தது. பதிலுக்கு நீளமாக ஏதேதோ எழுதி அழித்தாள். கடைசியில் 'சரிக்கா' என்று மட்டும் அனுப்பினாள்.

ஒரு நாள் கணவன், "போர்டுல அந்தச் சிவப்பு எழுத்தை எடுத்துடட்டுமா?" என்று கேட்டான். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டான். வேண்டாம் என்றாள். அதற்குப் பதிலாக வேறொன்று செய்தாள். நேரம் போதாத நாட்களில் வருகிறவர்களிடம், "இன்னைக்குக் கையால எடுக்க முடியாது, வேற நாள் வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். அதைச் சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது ஒவ்வொரு முறையும் அவளை அசிங்கப்படுத்தியது. சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை.

பள்ளிக்கூட பஸ் காலையும் மாலையும் கடை வாசல் வழியாகத்தான் போகும். அக்கா நேராகச் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போவார். முன்பெல்லாம் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். இப்போது இல்லை.

மூன்று மாதம் கழித்து, பள்ளி விடுமுறைக் காலத்தில் ஒரு காலை, ஷட்டர் ஓரமாக ஒரு நிழல் விழுந்தது. கம்பி உள்ளே எட்டிப் பார்த்தது. முடி காடாக வளர்ந்து, வெளிறி, கண்ணை மறைத்தது. பின்னால் கயிற்றைப் பிடித்தபடி அக்கா.

"வேற ரெண்டு இடத்துல கேட்டேன். கையால எடுக்கத் தெரியாதாம்" என்றார். "இவனுக்கு அரிப்பா இருக்கு. சொறிஞ்சுக்கிட்டே இருக்கான்."

"இப்பவே எடுத்துடறேன்க்கா. ஆனா ஒரே தடவையில சரியாகாது. மெஷின் பட்ட முடி. மூணு நாலு தடவை எடுத்தாத்தான் பழைய முடி வரும்." அவள் கம்பியை மேசைமேல் தூக்கி வைத்தாள். "மீனெல்லாம் தேவையே இல்லக்கா."

"மீனை அன்னைக்கே நிறுத்திட்டேன்" என்றார் அக்கா. பிறகு மூலையிலிருந்த நாற்காலியை இழுத்து மேசைக்கு எதிரில் போட்டார். "நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன்."

"சரிக்கா."

நான்கு வருடத்தில் அவர் ஒருமுறைகூட அப்படி உட்கார்ந்ததில்லை. அவள் விரலில் ரப்பர் உறையை மாட்டினாள். பொடியைத் தொட்டாள். முதல் பிடி முடியை இழுத்தாள். யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்த வேலையைச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. இப்போது எதிரில் இருக்கிறவர் வேடிக்கை பார்க்கவில்லை. காவல் இருக்கிறார். அது நியாயம்தான் என்று அவளுக்குத் தெரிந்ததால், இன்னும் சுட்டது.

கழுத்து முடிந்தது. தோள்பட்டை முடிந்தது. விரலில் பட்டதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள்.

"இங்க ஒரு சின்ன மரு இருக்கு. பழசுதான்."

"ம்."

"இங்க சொறிஞ்ச காயம். மருந்து தடவறேன்."

"ம்."

இடது பக்கம் வந்தபோது தழும்பு தென்பட்டது. இரண்டு அங்குல நீளம், வெள்ளையாக, முடி முளைக்காத கோடு. அவள் விரல் அதன் ஓரத்தில் நின்றது. அக்கா நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"தொடலாமாக்கா?"

"தொட்டாத்தானே தெரியும்?"

தழும்பை மேலிருந்து கீழாக மெல்லத் தடவினாள். சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். மறுபடியும் ஒருமுறை பார்த்தாள். கம்பி கொட்டாவி விட்டது.

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே அதே வார்த்தைகள் என்று உறைத்தது. போனில் சொன்ன அதே இரண்டு வார்த்தைகள். முகம் சிவந்துபோய், அக்காவை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றாள். "நீங்களும் தொட்டுப் பாருங்க."

அக்கா எழுந்து வந்தார். அவள் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்து நிதானமாகத் தடவிப் பார்த்தார். பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றே கால் மணி நேரம் ஆனது. இடையில் அக்கா ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்தார், ஒருமுறை சன்னலைத் திறந்தார். மற்ற நேரமெல்லாம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தபோது கம்பியின் உடம்பு பாதி கரடுமுரடாகவும் பாதி பஞ்சாகவும் இருந்தது, அழகு என்று சொல்ல முடியாது. மேசையிலிருந்து இறக்கியதும் உடம்பை உதறிவிட்டு வாசலை நோக்கி ஓடியது.

"அடுத்தது எப்போ?" என்று கேட்டார் அக்கா, கயிற்றை மாட்டியபடி.

"ஆறு வாரம் கழிச்சு."

"அப்பவும் நான் உட்காருவேன்."

"உட்காருங்கக்கா."

அக்கா அவளை ஒரு கணம் பார்த்தார். இந்த முறை முடிக் கவரைக் கேட்கவில்லை. பிறகு கம்பி கயிற்றை இழுக்க, அதன் பின்னாலேயே படியிறங்கிப் போனார். அவள் துடைப்பத்தை எடுத்து, மேசைக்கு அடியில் குவிந்திருந்த முடியைக் கூட்ட ஆரம்பித்தாள்.